வன்னிப் பரியாரியின் மேசைக்கு ரிஎல்சி தகடு தகுமா?

மதிப்பிடப்படும் பொருள் அலுமினியத் தாளின் மேல் சிலிக்கா ஜெல் 60 பூசிய எஃப்254 வகை ரிஎல்சி தகடு. 20க்கு 20 சென்ரிமீற்றர், பெட்டிக்கு 25 தாள். ரிஎல்சி என்றால் மென்படை நிறப்பகுப்பு: சரக்கின் சாற்றைப் புள்ளியாக வைத்த தகட்டின் அடியைக் கரைப்பானில் நிறுத்தினால், கரைப்பான் மேலே ஓட, சாற்றிலுள்ள பொருட்கள் வேறு வேறு உயரத்தில் புள்ளிகளாகப் பிரிந்து நிற்கும். தகடு மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் 254, 365 நனோமீற்றர் இரண்டும் தரும் கழியூதா விளக்கு, தகட்டை ஓடவிட இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தல், புள்ளி வைக்க மயிர்த்துளைக் குழாய்கள் ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்கிறோம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்ப் பக்கம் சிறிய அளவில் சூரணமும் தைலமும் செய்பவர்கள், சித்த மருந்தகம் நடத்துபவர்கள், சரக்கு மொத்தமாக எடுத்து விற்பவர்கள் இதை வாங்கலாமா என்பதுதான் கேள்வி.

வாங்கலாம். "இது அந்தச் சரக்குத்தானா?", "போன முறை வந்ததும் இப்போது வந்ததும் ஒன்றா?" என்ற இரண்டு கேள்விகளுக்கும் இந்த விலையில் இதைவிட நல்ல பதில் தரும் கருவி கிடையாது. "இதைக் குடித்தால் கேடு வராதா?" என்ற கேள்விக்கு மட்டும் இதனிடம் பதில் எதிர்பார்க்கக் கூடாது. இந்த வேறுபாடு தெரியாமல் வாங்குபவருக்குத் தகடு பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடும்.

தகட்டோடு செய்முறை நூல் வராது. அதற்குக் கைகொடுப்பது சீன மருந்து நியமநூல், அதாவது மருந்துகளின் தரத்தையும் சோதனை முறையையும் வரையறுக்கும் அரச நூல். 1953இல் முதற்பதிப்பு வந்தது. 1963 பதிப்பிலிருந்து பாரம்பரிய மருந்துகளும் சேர்ந்தன. 2020 பதிப்பின் முதலாம் தொகுதி பாரம்பரிய மருந்துச் சரக்குக்கும் அவற்றால் செய்த மருந்துகளுக்கும் உரியது. ஒவ்வொரு சரக்குக்கும் தோற்றம், நுணுக்குக்காட்டி அடையாளம், ரிஎல்சி, ஈரப்பதன், சாம்பல், கரைசாறு, முக்கிய வேதிப்பொருளின் அளவு என்று படிப்படியாகச் சொல்கிறது. சீனச் சரக்கு நமக்கு எதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். நெல்வயலில் நாம் பிடுங்கி எறியும் கோரையின் கிழங்கு அதில் இருக்கிறது. வல்லாரை, கரிசலாங்கண்ணி, நெருஞ்சி, மஞ்சள் எல்லாம் இருக்கின்றன. கடையில் வாங்கும் அதிமதுரமும் இருக்கிறது.

முதலில் தகடு. சிலிக்காப் படை ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர் தடிப்பு. அலுமினியத் தாள் என்பதால் கத்தரிக்கோலால் வெட்டலாம். ஒரு தாளை 5க்கு 10 சென்ரிமீற்றர் துண்டாக வெட்டினால் எட்டு வரும். ஒரு பெட்டியில் 200 சோதனை. கத்தரி மொட்டையாக இருந்தால் ஓரத்தில் படை உதிரும். உதிர்ந்த ஓரத்தில் கரைப்பான் வேறு வேகத்தில் ஏறி, கோடு கோணலாகும். ஓரப் புள்ளிகள் எல்லாம் பிழைக்கும். பிளாஸ்ரிக் தாளில் பூசியதும் கிடைக்கிறது. சூடாக்கினால் நெளிந்துவிடும் என்பதால் அமிலம் தெளித்துச் சுட வேண்டிய வேலைக்கு அது உதவாது. கண்ணாடித் தகடு மிக நல்லது, ஆனால் விலை கூட, வெட்டுவதும் கடினம்.

சிலிக்கா காற்றில் உள்ளதை எல்லாம் உறிஞ்சும். சாம்பிராணிப் புகை, தைலம் காய்ச்சும் ஆவி, கற்பூரம் எதுவும் அதில் ஏறும். மருந்து காய்ச்சும் கொட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்தால், ஓடவிட்ட தகட்டின் உச்சியில் மஞ்சள் கோடு ஒன்று தானாகவே வரும். அது சரக்கிலிருந்து வந்ததல்ல. அப்படியான தகட்டை வெறும் மெதனோலில் மேல்வரை ஓடவிட்டு, 110 பாகை செல்சியஸில் அரை மணித்தியாலம் காயவைத்துப் பாவிக்கலாம். கோடு கீற பென்சில் மட்டும். பேனா மை கரைந்து தானும் ஓடும்.

விளக்கில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். கைபேசிக் கடைகளில் "யூவி ரோர்ச்" என்று விற்பது பெரும்பாலும் 395 நனோமீற்றர். ஊதா வெளிச்சம் கண்ணைப் பறிக்கும். மங்கலான ஒளிர்வு தெரியாது. நோட்டுச் சோதிக்கும் பெட்டிகள் பலவற்றில் 365 குழல் இருக்கும். அது பாதி வேலைக்கு உதவும். மற்றப் பாதிக்கு 254 வேண்டும். எஃப்254 என்றால் 254இல் படை முழுவதும் பச்சையாக ஒளிரும், கழியூதாவை உறிஞ்சும் பொருள் இருக்கும் இடம் கருமையாகத் தெரியும் என்று பொருள். 254 இல்லாத விளக்கோடு எஃப்254 தகடு வாங்குவது பணத்தை வீணாக்குவது. 254 கண்ணையும் தோலையும் சுடும். கழியூதாவைத் தடுக்கும் கண்ணாடி அணியாமல் பார்க்கக் கூடாது, கையை நீட்டி வைத்திருக்கவும் கூடாது.

போத்தலுக்குச் செலவு செய்யத் தேவையில்லை. உட்சுவரில் வடிதாள் சுற்றி, கரைப்பானை 4 அல்லது 5 மில்லிமீற்றர் உயரத்துக்கு ஊற்றி, மூடி இருபது நிமிடம் விட்டால் உள்ளே ஆவி நிறையும். தகட்டில் அடியிலிருந்து 1 சென்ரிமீற்றரில் கோடு. புள்ளிகளுக்கிடையே 8 மில்லிமீற்றருக்குக் குறையாத இடைவெளி. கரைப்பான் மட்டம் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும். கோட்டைத் தொட்டால் சாறு போத்தலுக்குள் கரைந்துவிடும், தகட்டில் ஒன்றும் வராது. புள்ளி பெரிதானால் வால் முளைக்கும். சிறிதாகத் தொட்டு, காயவிட்டு, மீண்டும் அதே இடத்தில் தொடுவதுதான் முறை.

இனி வன்னிக்கே உரிய இடர். நியமநூல்கள் குளிரூட்டிய ஆய்வுகூடத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. டைஎதைல் ஈதர் கொதிப்பது 34.6 பாகையில். வவுனியாவில் சித்திரை மாத மத்தியானம் மேசையிலேயே அது கொதிக்கத் தொடங்கும். போத்தல் மூடியைத் திறந்தவுடன் சீறும், அளந்து எடுத்தது அரை நிமிடத்தில் குறையும், அருகில் அடுப்பு இருந்தால் தீப்பிடிக்கும். டைகுளோரோமெதேன் 40 பாகையில் கொதிக்கும். கலவையில் அது முந்தி ஆவியாகி விகிதம் மாறிவிடும். காலை ஆறு, ஏழு மணிக்கு வேலையை முடிப்பதும், கரைப்பான் போத்தலை ஐஸ் தண்ணீரில் நிறுத்துவதும், ஓடவிடும் கலவையை ஒவ்வொரு தகட்டுக்கும் புதிதாகக் கலப்பதும் இங்கே விருப்பத்துக்கு விட்ட விடயங்கள் அல்ல.

மாரியில் தொல்லை மறுபக்கம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். சிலிக்கா ஈரத்தைக் குடித்துவிட்டால் பொருட்களைப் பிடிக்கும் வலு குறைந்து, புள்ளிகள் வழக்கத்தைவிட உயர ஓடும். கோடையில் எடுத்த ஆர்எப் பெறுமானத்தை (புள்ளி ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்த எண்ணை) வைத்துக்கொண்டு மாரியில் சரக்கைப் பிழை என்று தள்ளுவது இதனால்தான் நடக்கிறது. தகட்டை 110 பாகையில் அரை மணித்தியாலம் சூடாக்கி, உலர்த்துகலனில் ஆறவைத்து எடுத்தாலும், வெளியே எடுத்துப் புள்ளி வைக்கும் சில நிமிடங்களில் ஈரம் திரும்ப ஏறிவிடும். சரியான வழி மக்னீசியம் குளோரைட்டின் நிரம்பிய கரைசல். மூடிய கலனுக்குள் அது சார்பு ஈரப்பதனை 33 வீதத்தில் நிறுத்தும். புள்ளி வைத்த தகட்டை அந்தக் கலனுக்குள் ஒரு மணித்தியாலம் வைத்து, எடுத்த கையோடு ஓடவிட்டால் கோடைக்கும் மாரிக்கும் பெரிய வித்தியாசம் வராது. இதெல்லாம் செய்த பிறகும், தனி ஆர்எப் எண்ணை நம்பாமல், ஒப்பு மாதிரியை, அதாவது அடையாளம் உறுதியான மாதிரியை, அதே தகட்டில் பக்கத்தில் ஓடவிட வேண்டும்.

கோரைக்கிழங்கில் இது எப்படிப் போகிறது என்று பார்ப்போம். சீன நூல் முறைப்படி 1 கிராம் தூளுக்கு 5 மில்லிலீற்றர் ஈதர். அடிக்கடி குலுக்கி ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, வடித்து, ஈதரை ஆவியாக்கி, மிஞ்சியதை அரை மில்லிலீற்றர் எதைல் அசற்றேற்றில் கரைக்க வேண்டும். அதில் 2 மைக்ரோலீற்றர் தகட்டில். ஓடுகலவை டைகுளோரோமெதேன், எதைல் அசற்றேற்று, அசற்றிக் அமிலம் 80:1:1. காய்ந்தபின் 254இல் பார்த்தால் அல்பா சைப்பரோன் என்ற கீற்றோன் கருநீலப் புள்ளியாகத் தெரியும். பிறகு 2,4-டைநைத்ரோபீனைல்ஐதரசீன் தெளித்துச் சற்று விட்டால் புள்ளி செம்மஞ்சளாக மாறும். உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்கு இது பழகிய பிராடியின் சோதனைப்பொருள்தான். அதன் திண்மம் முற்றாகக் காய்ந்தால் வெடிக்கும் தன்மையுள்ளது. ஈரமாகவே வைத்திருக்க வேண்டும்.

இதில் பிழைப்பது பெரும்பாலும் தகட்டுக்கு முந்திய வேலை. கிழங்கின் மயிரை நெருப்பில் வாட்டி நீக்காமல் இடித்தால் தூளில் பாதி நார். இடித்து மாதக்கணக்கில் வைத்த தூளில் எண்ணெய் பறந்து போயிருக்கும்; புள்ளி மங்கலாக வரும், சரக்கு போலி என்று தோன்றும். அது போலியல்ல, பழசு. இரண்டும் வேறு. எண்ணெய் 100 கிராமுக்கு 1 மில்லிலீற்றருக்குக் குறையக் கூடாது என்பது சீன எல்லை. ஈரப்பதன் 13 வீதத்தையும் மொத்தச் சாம்பல் 4 வீதத்தையும் தாண்டக் கூடாது. மணலோடு காய்ந்த கிழங்கு சாம்பலில் காட்டிக்கொடுக்கும். வாசனை எண்ணெய் உள்ள சரக்கின் ஈரத்தை 105 பாகை அடுப்பில் காயவைத்து அளந்தால் எண்ணெயும் சேர்ந்து பறந்து, ஈரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். சுக்கு, கறுவா, கோரை மூன்றுக்கும் தொலுயீனோடு வடித்து, வெளிவரும் தண்ணீரை மட்டும் அளக்கும் முறைதான் சரி.

அதிமதுரத்தில் தகடு மிக நன்றாக வேலை செய்கிறது. எதைல் அசற்றேற்று, போமிக் அமிலம், அசற்றிக் அமிலம், தண்ணீர் 15:1:1:2. பத்து வீதச் சல்பூரிக் அமிலத்தை எதனோலில் கலந்து தெளித்து, 105 பாகையில் நிறம் வரும் வரை சுட்டு, 365இல் பார்த்தால் அதிமதுரத்தின் இனிப்புப் பொருளான கிளிசரைசிக் அமிலம் செம்மஞ்சள் ஒளியோடு நிற்கும். அமிலத்தைத்தான் குளிர்ந்த எதனோலுக்குள் துளித்துளியாக விட வேண்டும், மாறி ஊற்றக் கூடாது. சாறு ஏற்கெனவே எடுத்து விற்ற சக்கையைக் காயவைத்து மறுபடி விற்றால் புள்ளி மெலிந்து காட்டும். எவ்வளவு மெலிந்தது என்று மட்டும் தகடு சொல்லாது. கிளிசரைசிக் அமிலம் 2 வீதம், அதிலுள்ள இன்னொரு பொருளான லிக்குரிட்டின் 0.5 வீதம் என்ற கீழெல்லைகளைத் தொட்டுப் பார்க்க எச்பிஎல்சி என்ற உயர்திறன் திரவ நிறப்பகுப்புக் கருவி வேண்டும்.

மஞ்சளில் வெறுங்கண்ணே போதும். குளோரோபோம், மெதனோல், போமிக் அமிலம் 96:4:0.7 கலவையில் மூன்று மஞ்சள் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். மேலே நிற்பது குர்க்குமின். மெற்றானில் மஞ்சள் சாயம் கலந்திருந்தால் அது மேலே ஏறாமல் அடிக்கோட்டருகே தங்கும். ஈயக் குரோமேற்று கலந்திருந்தால் தகடு வாயே திறக்காது. மாக்கலப்பைப் பிடிக்க அயடீன் விட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்; மஞ்சளிலேயே மாப்பொருள் இருக்கிறது, எந்த மஞ்சளும் நீலமாகும். அதற்கு நுணுக்குக்காட்டிதான். அவித்துக் காயவைத்த மஞ்சளின் மாப்பொருள் குழைந்து கட்டியாகக் கிடக்கும், அரிசிமா கலந்திருந்தால் கோணமான வேகாத மணிகள் தனித்தனியாகத் தெரியும்.

மரமஞ்சள்தான் இந்தத் தகட்டின் பலவீனத்தைச் சரியாகக் காட்டும் சரக்கு. இலங்கையில் மரமஞ்சள் என்பது வெனிவெல் கொடியின் தண்டு. இந்தியாவில் அதே பெயரில் பெர்பெரிஸ் என்ற முட்செடியின் கட்டையும் விற்பனையாகிறது. சீனக் கடையில் ஹுவாங்லியான் என்ற கிழங்கு. மூன்றிலும் பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப் பொருள் இருக்கிறது, மூன்றும் 365இல் பளிச்சென்ற மஞ்சளாக ஒளிரும். பெர்பெரின் தூளை மட்டும் ஒப்புக்கு வைத்து "புள்ளி பொருந்துகிறது, சரக்குச் சரி" என்று எழுதினால் அது பிழையான அறிக்கை. சீன நூல் பல சரக்குக்குத் தூய வேதிப்பொருளோடு ஒப்புச் சரக்கையும், அதாவது அடையாளம் உறுதிப்பட்ட மூலிகையையே, அதே தகட்டில் ஓடவிடச் சொல்வது இதற்காகத்தான். ஒரு புள்ளி பொருந்தினால் போதாது, முழு வரிசையும் பொருந்த வேண்டும்.

ஆகவே எங்கள் பார்வையில் இந்தத் தொகுதியின் பெறுமதி மிக்க பாகம் பெட்டியில் வராதது. பூவும் இலையும் உள்ள முழுச் செடியைப் பிடுங்கி, தாவரவியல் தெரிந்த ஒருவரிடம் காட்டி, பெயரை உறுதிசெய்து, இடமும் மாதமும் எழுதிக் காயவைத்த 100 கிராம் சரக்கு. கோரை, நெருஞ்சி, வல்லாரை எல்லாம் காலடியில் கிடக்கின்றன. வவுனியாவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கின்றன, கைதடியில் சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள். அடையாளம் கேட்கப் போவதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. கண்ணாடிப் போத்தலில் இருட்டில் வைத்தால் ஒரு போகத்திலிருந்து மறு போகம் வரை தாராளமாகக் காணும். வருடா வருடம் புதுப்பியுங்கள்.

தகடு காட்டாதவை நிறைய. கந்தகப் புகை போட்டு வெளுக்கவைத்த வேர் தகட்டில் நல்ல பிள்ளையாக நிற்கும். சீன எல்லை பொதுவாகக் கிலோவுக்கு 150 மில்லிகிராம் கந்தகவீரொட்சைட்டு, சில சரக்குக்கு 400. அதை அளக்க அமிலம் விட்டு வடித்து நியமிப்புச் செய்ய வேண்டும். கனஉலோகம் வேறு கருவி. அதிமதுரம் போன்ற சரக்குகளுக்கு 2020 பதிப்பு கிலோவுக்கு ஈயம் 5, கட்மியம் 1, ஆசனிக் 2, இரசம் 0.2, செம்பு 20 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. பீடைநாசினி எச்சம், பூஞ்சண நஞ்சு இரண்டும் அப்படியே. இவற்றுக்குக் கொழும்புக்குத்தான் சரக்கு போக வேண்டும். கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற இடங்களுக்கு அனுப்பும்போது மூட்டையின் மேற்பக்கத்தில் ஒரு பிடி அள்ளாமல், மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்துக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைச் சேர்த்துக் குறைத்து அனுப்புங்கள். மாதிரி பிழைத்தால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பிழையைத்தான் சொல்லும்.

ஒரு சரக்கை மட்டும் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஆடுதின்னாப்பாளை, ஈசுரமூலி இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம். அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்டவை. அது சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோய் தரும். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் அதை முதலாம் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றில், வைத்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த மாத்திரையில் ஃபாங்ஜி என்ற சீனச் சரக்குக்குப் பதில், பெயர் ஒத்த குவாங் ஃபாங்ஜி என்ற அரிஸ்டோலோக்கியா வேர் போய்ச் சேர்ந்தது. நூறுக்கு மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. பெயர்க் குழப்பம் ஒன்றால் வந்த அழிவு. தொலைபேசியில் சரக்குச் சொல்லி எடுக்கும் நம் வழக்கத்தில் ஆடாதோடையும் ஆடுதின்னாப்பாளையும் காதுக்கு எவ்வளவு கிட்ட என்று எண்ணிப் பாருங்கள். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் ஏற்கெனவே மக்களை வாட்டுகிறது. அந்த உடம்புகளுக்கு இன்னொரு சுமையை நாம் பொட்டலம் கட்டிக் கொடுக்கக் கூடாது.

இங்கே தகடு ஒரு பக்கம் மட்டும் உதவும். தொலுயீன், எதைல் அசற்றேற்று, தண்ணீர், போமிக் அமிலம் 20:10:1:1 கலந்து குலுக்கி, பிரிந்த மேற்படையில் ஓடவிட்டு, வெள்ளீயக் குளோரைட்டுத் தெளித்துச் சூடாக்கி 365இல் பார்த்தால், அரிஸ்டோலோக்கிக் அமிலம் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். ஒளிர்ந்தால் அந்த மூட்டை கடைக்குள் வரக் கூடாது. ஒளிராவிட்டால் தகட்டுக்கு எட்டும் அளவில் இல்லை என்பது மட்டுமே பொருள். நஞ்சு இல்லை என்று எழுதிக் கொடுக்க அது போதாது.

வாங்குபவர்களுக்கு ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதலில் ஒப்புச் சரக்கும் 0.001 கிராம் காட்டும் தராசும். பிறகு 254 உள்ள விளக்கு. தகட்டுப் பெட்டியை மாரி கழிந்து, தை பிறந்த பின் எடுப்பித்தால் வழியில் ஈரம் குடிக்காது. கரைப்பான்களில் மெதனோலும் எதைல் அசற்றேற்றும் லீற்றர் கணக்கில், மற்றவை சிறு போத்தலில். மெதனோல் கண்ணைக் குருடாக்கும் நஞ்சு. மருந்து செய்யும் அறைக்குள் அதன் போத்தல் வரவே கூடாது.

ஓடவிட்டு முடிந்த கலவையைக் கிணற்றடியிலோ வாழையடியிலோ ஊற்ற வேண்டாம். நம் கிணறுகள் ஆழமில்லை, குடிப்பதும் அதில்தான். குளோரோபோமும் டைகுளோரோமெதேனும் உள்ளதை ஒரு போத்தலிலும் மற்றதை வேறு போத்தலிலும் சேர்த்து, பெயரெழுதி, முக்கால் அளவுக்கு மேல் நிரப்பாமல் நிழலில் வையுங்கள். வன்னி வெயிலில் முட்ட நிரப்பிய போத்தல் மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும்.